சேர்வதற்கு முன்பே எண்ணப்பட்ட நாடி

சுரங்க டவுன்ஷிப்பின் மெயின் பஜாரில் தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு ராஜேந்திரன் ஏறி வந்தபோது மணி பதினொன்றரை. டிசம்பர் பதினொன்று, புதன்கிழமை. மழை விட்டிருந்தது. ஆனாலும் வானம் எதையோ சொல்லாமல் வைத்திருப்பதுபோலத் தாழ்ந்து கிடந்தது. வந்தவருக்கு எழுபத்தொரு வயது. வேட்டியின் ஓரமெல்லாம் சேறு. இடது காலில் கறுப்புச் செருப்பு, வலது காலில் பழுப்புச் செருப்பு.

மேசைக்குப் பின்னால் இருந்த சண்முகப்பிரியா அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"உட்காருங்கய்யா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வர்றீங்களா?"

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஐசியூ வாசல்ல கழட்டிப்போட்ட செருப்பைப் பார்க்காம மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. யாருக்கு உடம்பு சரியில்ல?"

அவர் தன் கால்களை அப்போதுதான் பார்த்தார்.

சண்முகப்பிரியா பன்னிரண்டு வருடங்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்து வந்தவள். வயது நாற்பத்து நான்கு. இப்போது அதே வேலையை, காப்பீடு மறுக்கப்பட்டவர்களின் பக்கம் உட்கார்ந்து செய்தாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவர்போல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் தைரியநாதன். சுரங்கத்தின் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்து மூன்று. சம்பளம் வாங்காத உதவியாளர். ராஜேந்திரனை இங்கே வரச் சொன்னதும் அவர்தான்.

"ஒண்ணும் வுடாம சொல்லு ராஜேந்திரா. மேடம் கேட்டுகினு இருக்காங்க, நான் எழுதிகினு இருக்கேன்" என்று அவர் நீளமான நோட்டைப் பிரித்தார்.

ராஜேந்திரன் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் மனைவி ஜானகியம்மாளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்சில் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதய வால்வு பழுது, நாளைக் காலை ஏழு மணிக்கே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர். ஒன்பது மணிக்குக் காப்பீட்டு மேசையில் அட்டையைக் கொடுத்தபோதுதான் இடி விழுந்தது. இந்த வருடத்துக்கான தொகை முழுவதும் தீர்ந்துவிட்டதாம்.

"போன மாசம் மூணாந் தேதியில இருந்து எட்டாந் தேதி வரைக்கும் ஜானகி பண்ருட்டி ரோட்டுல அருள்மலர் ஆஸ்பத்திரியில, ஐசியூல இருந்தாளாம். நிமோனியாவாம். நான் அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சதே இல்லம்மா. அவ வூட்லதான் இருந்தா. அந்த வாரம் பூரா கொல்லையில கீரை வெதைச்சுகினு இருந்தா."

"எத்தனை மணிக்குள்ள சரிபண்ணணும்?"

"அஞ்சு. அதுக்குள்ள இன்சூரன்ஸ்ல இருந்து சரின்னு வரலன்னா நாளைக்கு இருக்கிற எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் எப்ப கெடைக்கும்னு கேட்டேன். அதுவரைக்கும் அந்தம்மா தாங்கணுமேன்னாரு டாக்டரு." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தைரியநாதனின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. சண்முகப்பிரியா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நோட்டின் முதல் வரி: '10-12. 03:00. நெஞ்சுவலி.' அவள் பார்வை அதில் ஒரு கணம் தங்கி, பின் விலகியது.

"உங்க போனைக் குடுங்கய்யா" என்றாள்.

நூற்றுக்கணக்கான செய்திகள் திறக்கப்படாமல் கிடந்தன. அவள் நவம்பர் மூன்றாம் தேதிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.20. 'மருத்துவமனையில் சேர்க்க ஒப்புதல் எண்' என்று ஒரு செய்தி. அது மட்டும் திறக்கப்பட்டிருந்தது.

"இந்த நம்பரைச் சொன்னாத்தான் ஆஸ்பத்திரியில சேர்த்ததா எழுத முடியும். இதை யாருக்காவது படிச்சுச் சொன்னீங்களா?"

"எனக்கு மெசேஜே பாக்கத் தெரியாதும்மா. பேச மட்டுந்தான்."

"அப்ப வேற யாரோ பார்த்துச் சொல்லியிருக்காங்க. அந்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்ல யார் யார் இருந்தாங்க?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "மேரிசெல்வி வந்திருந்தா. ஜானகிக்கு இன்சுலின் போடற நர்சம்மா. தனகோட்டி வந்தாரு. பென்ஷன்காரங்களுக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் குடுப்பாரே, அவரு. மத்தபடி எங்க வூட்டு ஆளுங்கதான். பொண்ணு பவித்ராவும் மாப்ள விஜயராஜும் மத்தியானம் சாப்பிட வந்தவங்க, சாயங்காலம்தான் போனாங்க."

"ஆக ரெண்டு பேர்!" என்றார் தைரியநாதன்.

"நாலு பேர்" என்றாள் சண்முகப்பிரியா.

"மேடம், பவித்ரா பெத்த பொண்ணு. மாப்ள இன்னிக்குக் காலையில டூட்டிய பாதியில வுட்டுட்டு ஓடியாந்தவரு. இதோ இப்பகூட இவர புதுச்சேரியில இருந்து கார்ல இட்டாந்து கீழ எறக்கி வுட்டுட்டுத்தான் தூங்கப் போயிருக்காரு."

"நான் யாரையும் குத்தம் சொல்லலண்ணே. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்."

பன்னிரண்டேகால் மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து இனியன் பேசினான். சண்முகப்பிரியாவுடன் முன்பு வேலை பார்த்தவன். கோரிக்கையின் பதினோரு பக்கங்களையும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான்.

"அக்கா, பேப்பர் ரொம்ப சுத்தமா இருக்கு. ஒப்புதல் எண் இருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு, நர்ஸ் சார்ட் இருக்கு. அவங்க வீட்லதான் இருந்தாங்கன்னு சொன்னா, மேல இருக்கறவங்க ரசீது கேப்பாங்க."

"வீட்ல இருந்ததுக்கு யாரும் ரசீது குடுக்கறதில்லையே, இனியன்."

"அதுதான் பிரச்சினை. பேப்பர் பொய்னு பேப்பர்லயே காட்டுங்க. நான் உடனே ஒப்புதல் போடறேன்."

அவள் தாள்களை அச்செடுத்து மேசைமேல் பரப்பினாள். தைரியநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவற்றின் மேல் கவிழ்ந்தார். இரண்டாவது நிமிடமே கத்தினார்.

"கெடச்சிட்டாங்க மேடம்! சார்ட்டுக்குக் கீழ நர்ஸ் பேரு எம்.எஸ்.னு அடிச்சிருக்கு. மேரிசெல்வி!"

ராஜேந்திரன் எழுந்தே விட்டார். "அந்தப் பொண்ணு அருள்மலர்லதான் மொதல்ல வேல பாத்துகினு இருந்துச்சு. எங்கிட்டயே சொல்லியிருக்குது. தெனமும் எங்க வூட்ல காப்பி குடிச்சுகினு... தைரியநாதா, வண்டிய எடு. ஸ்டேஷனுக்குப் போவலாம்."

"உட்காருங்கய்யா" என்றாள் சண்முகப்பிரியா. "பொய்ச் சார்ட் எழுதறவங்க தன் பேரோட முதலெழுத்தையே போடுவாங்களா? அந்த ஆஸ்பத்திரியில வேலை செஞ்ச எந்த நர்ஸ் பேரை வேணும்னாலும் போடலாமே. அண்ணே, முதல் ராத்திரி சார்ட்டை மட்டும் சத்தமாப் படிங்க. தேதியோட."

தைரியநாதன் ஏமாற்றத்துடன் படித்தார். எல்லாமே கணினியில் தட்டச்சு செய்தவை.

"சேர்த்த நேரம், மூணாந் தேதி சாயங்காலம் நாலரை. அப்புறம் சார்ட்டு. 3-11, 22:00, நாடி 96, பிரஷர் 150. 3-11, 00:00, நாடி 94. 3-11, 02:00, நாடி 92. 3-11, 04:00, நாடி 90. 4-11, 06:00, நாடி 88, எல்லாம் நார்மல். அவ்ளோதான்."

"ஏதாவது தப்பாத் தெரியுதா?"

அவர் மறுபடி விரலை வைத்துப் படித்தார். "இல்லையே மேடம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கரெக்டா எடுத்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல."

"ஐயா, உங்களுக்கு?"

ராஜேந்திரனும் பார்த்தார். நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். அவரும் தலையசைத்தார். "சரியாத்தானம்மா இருக்குது."

சண்முகப்பிரியா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. எதிர்பாராத இடத்தில் ஒரு கதவைத் திறந்து, உள்ளே இருப்பது தெரிந்த வீடுதான் என்று கண்டவளின் முகம் அது.

"உங்க ரெண்டு பேருக்கும் தப்பாத் தெரியல. அது எனக்கு ரொம்ப உதவி" என்றாள். பிறகு கடைசி வரியைச் சுட்டினாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் எறும்பு அளவு எழுத்தில் கணினி தானாகவே பதித்த நேரம் இருந்தது: உருவாக்கியது, நவம்பர் 20, காலை 2.50. "ஆறு நாள் சார்ட் மொத்தமும் ஒரே ராத்திரியில, அதுவும் அவங்க வீட்டுக்குப் போனதாச் சொல்ற தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழிச்சு உருவாகியிருக்கு."

இனியனைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டான். "பழைய பேப்பரை மறுபடி கணினியில ஏத்தினோம்னு சொல்லிடுவாங்க அக்கா. தேதி மாறியிருக்கறதை டைப்பிங் தப்புன்னு சொல்லிடுவாங்க. அஞ்சு மணிக்குள்ள எனக்கு அதை உடைக்க நேரமில்ல. அதை எழுதின ஆளு எழுதிக் குடுத்தா மட்டும்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

மணி ஒன்று.

ஆர்ச் கேட்டைத் தாண்டி, டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே இருந்தது ராஜேந்திரனின் வீடு. மூன்று மணிக்கு அங்கே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள் சண்முகப்பிரியா. ஜானகியம்மாள் வீட்டில்தான் இருந்தார் என்று சாட்சி எழுதித் தர வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். யாரும் மறுக்கவில்லை. பவித்ரா மட்டும் புதுச்சேரியில் அம்மாவின் அருகில் இருந்தாள்.

முதலில் வந்தவள் மேரிசெல்வி. நாற்பதை நெருங்கும் வயது. குடையை மடக்கும்போதே பேச ஆரம்பித்தாள். "அம்மாவுக்கு எப்படி இருக்குது? காலையில நான் வந்தப்ப உதடு நீலமாயிருந்துச்சு. ஐயா, நீங்க ஏன் என் மூஞ்சிய பாக்க மாட்டேங்கிறீங்க?"

ராஜேந்திரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த தனகோட்டியின் கையில், வழக்கம்போல், கோப்புகள் நிறைந்த பை. "எத்தினி காப்பி வேணும் சொல்லுங்க, நானே எழுதிடறேன். எழுத்து வேல நம்மள வுட்டா யாரு?"

"நீங்க எழுதுனா அத படிக்க இன்னொரு ஆளு வேணும்" என்றாள் மேரிசெல்வி.

"ஏம்மா, முப்பத்திரெண்டு வருசம் ஸ்டோர்ஸ்ல லெட்ஜர் எழுதுன கை இது. ஜெனரல் ஷிப்ட். எட்டுக்குப் போனா அஞ்சுக்கு வூடு. ராத்திரியில மைன்ஸ் எப்படியிருக்கும்னு இந்த ராஜேந்திரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

விஜயராஜ் கடைசியாக வந்தான். முப்பத்தெட்டு வயது. அனல்மின் நிலையத்தில் நிரந்தர வேலை. தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. மாமனார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றான். வாங்கி வந்திருந்த இட்லிப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தான்.

சண்முகப்பிரியா மூவருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தாள்.

"ரெண்டே விஷயம். நவம்பர் மூணுல இருந்து எட்டு வரைக்கும் அம்மாவை வீட்ல பார்த்தீங்களான்னு எழுதுங்க. அதுக்குக் கீழே, இன்னைக்கு வலி வந்தப்ப உங்களுக்கு எப்பத் தகவல் வந்துச்சு, எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. ஆபீஸ்ல கேப்பாங்க. தேதி, மணி ரெண்டும் போட்டு எழுதுங்க."

அறையில் பேனாக்களின் சத்தம் மட்டும். சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது. தைரியநாதன் தாங்க முடியாமல் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

தாள்கள் வந்தன. அவள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீண்ட நேரம் பார்ப்பதுபோல் பார்த்தாள். பின் மேரிசெல்வியிடம் அந்த மருத்துவமனைச் சார்ட்டை நீட்டினாள்.

"இதைப் பாருங்க. இது நீங்க எழுதினதா?"

மேரிசெல்வி படித்தாள். முகம் சிவந்தது. "எம்.எஸ்.ஸா? எம் பேர வெச்சு... ஐயா, இதுக்குத்தான் மூஞ்சிய திருப்பிக்கிட்டீங்களா? நான் அங்கேர்ந்து வந்து ரெண்டு வருசமாச்சு. ஏன் வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" குரல் உடைந்தது. ஆனால் கண்கள் தாளை விடவில்லை. "இத எழுதுனது நர்சே இல்ல."

"ஏன்?"

"முழு மணி, முழு மணின்னு போட்டிருக்கு. ஆறு பெட்டு பாத்து வர்றதுக்குள்ள பத்து நிமிசம், இருவது நிமிசம் ஆவும். ரெண்டு பத்து, ரெண்டு இருவத்தஞ்சுன்னுதான் நாங்க எழுதுவோம். அப்புறம் இது என்னா கூத்து, நடுராத்திரி ரெண்டு மணிக்கும் மூணாந் தேதியே போட்டிருக்கு? பன்னெண்டு அடிச்சா தேதி மாத்தலன்னா சிஸ்டர் எங்க கைய ஒடச்சிடுவாங்க. மருந்து டோஸே மாறிடும்."

"ஆமா" என்றாள் சண்முகப்பிரியா. எழுந்து நின்றாள். குரல் அதே தாழ்ந்த குரல்தான்.

"மூணாந் தேதி சாயங்காலம் நாலரைக்குச் சேர்ந்த அம்மாவுக்கு, அதே மூணாந் தேதி விடியற்காலை ரெண்டு மணிக்கு நாடி பார்த்திருக்காங்க. அவங்க வந்து சேர்றதுக்குப் பதினாலரை மணி நேரம் முன்னாடி. ஒரு ராத்திரின்னா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். அஞ்சு ராத்திரியும் இதேதான். காலையில ஆறு மணி வரியிலதான் தேதி மாறுது. இது தப்பு இல்ல, பழக்கம். ஒருத்தருக்கு நாள் நடுராத்திரியில முடியல, காலை ஆறு மணிக்குத்தான் முடியுது."

தைரியநாதனின் வாய் மெல்லத் திறந்தது.

"சி ஷிப்ட்" என்றார். "பத்துலேர்ந்து ஆறு. லாக் புக்குல ராத்திரி பூரா ஏறின நாளோட தேதிதான் போடுவோம். ரெண்டு மணியானாலும் சரி, நாலு மணியானாலும் சரி. ஆறு மணிக்கு அடுத்த ஆளு வந்தாத்தான் புதுத் தேதி."

"அதனாலதான் உங்க கண்ணுக்கும் ஐயா கண்ணுக்கும் அது தப்பாப் படல. நீங்க காலையில எழுதின நோட்டைப் பாருங்க. இன்னைக்கு விடியற்காலை வந்த வலிக்குப் பத்தாந் தேதி போட்டிருக்கீங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். முகம் வெளுத்தது. "மேடம், அப்ப நானும் லிஸ்ட்டுல இருக்கேனா?"

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க இந்த வீட்ல இல்லண்ணே. ஐயாவுக்கு மெசேஜே திறக்கத் தெரியாது, லாக் புக் எழுதறதும் அவர் வேலை இல்ல."

அவள் மூன்று தாள்களையும் எல்லோரும் பார்க்கும்படி திருப்பினாள்.

"பேசும்போது நாம எல்லாருமே நேத்து ராத்திரி மூணு மணின்னுதான் சொல்றோம். ஆனா தேதி போட்டு எழுதச் சொன்னா கை வேற மாதிரி போகும். மேரிசெல்வி எழுதியிருக்காங்க: பதினொண்ணு, காலை மூணு பத்து. தனகோட்டி ஐயா: பதினொண்ணு, விடியற்காலை நாலு. மூணாவது தாள்ல: '10-12, 03:00, கண்ட்ரோல் ரூமில் இருந்தேன், போன் வந்தது. 04:00, ரிலீவர் வந்ததும் கிளம்பினேன்.' அதுக்கும் பத்தாந் தேதிதான்."

வெளியே ஒரு பஸ் ஆர்ச் கேட் திருப்பத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"இதுல என்ன இருக்குது?" என்றான் விஜயராஜ். சிரிக்க முயன்றான். "டவுன்ஷிப்ல பாதிப் பேரு ஷிப்ட் பாக்கறவன்தான்."

"பாதிப் பேரு அன்னைக்கு இந்த வீட்ல இல்ல. அண்ணே, இந்த வாரம் இவருக்கு சி ஷிப்ட். ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வரும்?"

தைரியநாதன் விரல்களை மடக்கினார். "ஏ, பி, சி. மூணு வாரம். இன்னிக்கு பதினொண்ணு. மூணு வாரம் முன்னால..." அவர் நிறுத்திவிட்டார்.

"நவம்பர் இருபது" என்றாள் சண்முகப்பிரியா. "அந்தச் சார்ட்டு உருவானது நவம்பர் இருபது, காலை ரெண்டு ஐம்பது. நீங்க கண்ட்ரோல் ரூம்ல இருந்த நேரம் விஜயராஜ். மீட்டர் பார்த்து முழு மணிக்கு எழுதற கையே நாடியையும் எழுதிடுச்சு. 'எல்லாம் நார்மல்'னு முடிச்சும் வெச்சுது."

விஜயராஜ் மாமனாரைப் பார்த்தான். ராஜேந்திரன் மடியில் இருந்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

அந்தச் சின்னச் செய்கைக்குப் பிறகுதான் அவன் பேசினான்.

"யாருக்கும் கெடுதல் இல்லன்னு சொன்னான் மாமா, அருள்மலர் ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிற ஏஜெண்டு. லிமிட்டு சும்மா கெடக்குது, வருசம் முடிஞ்சா புதுசா வந்துடும், யாரு தொடப் போறான்னான். சார்ட்டு அடிச்சுக் குடுத்தா போதும், கார்டுக்கு இவ்ளோன்னு காசுன்னான். மொதல்ல நம்ம வூட்டு கார்டுன்னா யாரையும் கேக்க வேணாம்னு... அத்தைக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"மொதல்லன்னா?" என்றார் ராஜேந்திரன். அறையில் அவர் பேசிய முதல் சொல் அது.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள் சண்முகப்பிரியா.

"பதினாலு."

தைரியநாதன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "மெடிக்கல் கார்டு புதுப்பிக்கணும்னு எம் போன வாங்கி ஏதோ ஆப் போட்டியே. ராஜேந்திரன் மாப்ளயாச்சேன்னுதான்டா குடுத்தேன்."

விஜயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க ஒம்பதாவது."

மணி மூன்று ஐம்பத்தைந்து. சண்முகப்பிரியா இன்னொரு வெள்ளைத் தாளை அவன் முன் வைத்தாள். "நடந்ததை எழுதுங்க. இனியன்கிட்ட போன்லயும் சொல்லுங்க. இது போலீஸ் வரைக்கும் போகும். அதை மறைச்சு உங்ககிட்ட கையெழுத்து வாங்க மாட்டேன்."

அவன் தாளைத் தொடவில்லை. மாமனாரின் பக்கம் திரும்பி, வேகமாக, தணிந்த குரலில் பேசினான். "மாமா, இது வேணாம். வேல போயிடும். குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். பவித்ராவும் பையனும் நடுத்தெருவுல நிப்பாங்க. நான் இப்ப அந்த ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டா போதும். ஆபரேஷனுக்கு ஆவற மொத்தத்தையும் அவனுங்களே கட்டிடுவாங்க. வெளிய தெரிஞ்சா அவனுங்களுக்குத்தான் ஆபத்து. ஒரு மணி நேரத்துல புதுச்சேரியில பணம் இருக்கும். அத்தைக்கும் நல்லது, பவித்ராவுக்கும் நல்லது. யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

தனகோட்டி தலையைக் குனிந்து தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். மேரிசெல்வி வாசலைப் பார்த்தாள். கடிகார முள் மட்டும் நகர்ந்தது. ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் மனைவி என்றிருந்தால்கூடக் கிழவர் தேறியிருப்பார். இப்போது இருவருமே ஒரே பக்கத்தில், காசோடு நின்றார்கள்.

ராஜேந்திரன் தைரியநாதனைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குச் சர்க்கரை எவ்ளோ இருக்குது இப்ப?"

"அத ஏன்டா இப்ப கேக்கற?"

"சொல்லுடா."

"முன்னூறு. போன வாரம் கால்ல ஒரு புண்ணு. ஆறல."

"நாளைக்கு நீ போயி அட்டைய நீட்டுவ. தீந்துபோச்சும்பான்." ராஜேந்திரன் மருமகன் பக்கம் திரும்பினார். "பதினாலு பேருக்கும் ஏஜெண்டு கட்டுவானா மாப்ள? இல்ல எனக்கு மட்டுந்தானா?"

அவர் வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"எழுது" என்றார் அவர். "பவித்ராவும் பையனும் இந்த வூட்டுல இருப்பாங்க. எம் பென்ஷன் இருக்குது. நீ எழுது."

விஜயராஜ் பேனாவை எடுக்க மூன்று முறை கை போய் வந்தது. எழுத ஆரம்பித்ததும் நிறுத்தாமல் எழுதினான். பதினான்கு பெயர்களும் வந்தன. நான்கு இருபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டான். சண்முகப்பிரியா அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, இனியனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"விஜயராஜ், இதை நீங்களேதான் எழுதினீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"நானேதான். கட்டாயம் இல்ல."

"அந்த ஆறு நாளும் ஜானகியம்மாள் எங்கே இருந்தாங்க?"

"வீட்ல. கீரை வெதைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் மம்முட்டி எடுத்துக் குடுத்தேன்."

இனியன் இணைப்பைத் துண்டித்தான். காத்திருப்பது தொடங்கியது. நான்கு முப்பத்தைந்து. நான்கு நாற்பது. மேரிசெல்வி உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ராஜேந்திரன் முன்னால் தம்ளரை வைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "வுடுங்கய்யா, ஆறிடும், குடிங்க" என்றாள் அவள், கோபம் இன்னும் தீராத குரலில்.

தைரியநாதன் பெயர்ப் பட்டியலைத் தன் நோட்டில் பிரதி எடுக்க ஆரம்பித்தார். எந்த வீட்டுக்கு முதலில் போவது, யாருக்கு இப்போது மருத்துவமனை தேவைப்படும் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறு குறிப்பு. தன் பெயரைக் கடைசியில் எழுதினார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு ராஜேந்திரனின் போன் அடித்தது. பவித்ரா. பின்னணியில் மருத்துவமனை நடைபாதையின் இரைச்சல்.

"அப்பா! ஒப்புதல் வந்துடுச்சுப்பா! இப்பத்தான் கவுண்டர்ல கூப்பிட்டுச் சொன்னாங்க. நாளைக்கு ஏழு மணிக்கு அம்மாவ உள்ள எடுத்துக்கிறாங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எப்படிப்பா சரியாச்சு? யாரு பண்ணது? அவரும் ராத்திரியெல்லாம் தூங்காம அலைஞ்சாரு பாவம். அங்கதான இருக்காரு? அவருகிட்ட குடுங்கப்பா, நானே சொல்றேன்."

ராஜேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். அதை மருமகனை நோக்கி நீட்டியபடி நின்றார். பவித்ராவின் குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து, "ஹலோ, ஏங்க, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

விஜயராஜ் எழுந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கிக்கொண்டான்.